ஊராட்சி மாநகராட்சியானால் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு என்ன ஆகும்? அனுபவப் பகிர்வு

கேள்வி கேட்டவர்

ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்த்தால் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியும் அன்றைக்கே மாநகராட்சிப் பள்ளி ஆகிவிடுமா? சேர்க்கை, ஆசிரியர், கட்டடம், சத்துணவு இவற்றில் எது மாறும், எது அப்படியே இருக்கும்? இந்தக் கோப்புகளைக் கையாண்டவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், விவரம் போதும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

ஆகாது. எல்லோரும் தடுமாறும் இடமே இதுதான். ஊராட்சி கலைந்ததும் தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி எல்லாம் மாநகராட்சிக்குப் போய்விடும். பள்ளி போகாது. அதற்குத் தனி அரசாணை வரவேண்டும்.

சென்னையைப் பாருங்கள். 2011 அக்டோபரில் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி ஆக 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். 174 சதுர கிலோமீட்டர் 426 ஆனது, 10 மண்டலம் 15 ஆனது. ஆனால் சேர்ந்த பகுதியில் இருந்த பள்ளிகள் பள்ளிக் கல்வித் துறையிடமே இருந்தன. அவற்றில் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்க உத்தரவு வந்தது 2022-இல். இடையில் 11 வருடம். முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பிளஸ் ஒன் முடித்திருக்கும்.

அந்த 11 வருடத்தில் பள்ளி வாசலுக்கு வெளியே சாலை மாநகராட்சியுடையது, உள்ளே சுவர் வேறு துறையுடையது. மழைநீர் வாசலில் தேங்கினால் ஒரு அலுவலகத்துக்கு மனு, வகுப்பறையில் ஒழுகினால் இன்னொரு அலுவலகத்துக்கு. பெற்றோரோ 'மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோமே' என்று மண்டல அலுவலகத்துக்கே போவார்கள். அங்கே 'இது எங்கள் பள்ளி இல்லை' என்பார்கள். சொன்னது உண்மைதான், ஏமாற்று இல்லை. இத்தனைக்கும் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பகுதி இருக்கிறது.

மாவட்ட எல்லையும் கூடவே நகரவில்லை. மாநகராட்சி 2011-இல் விரிந்தது, சென்னை மாவட்டம் 2018-இல்தான். அதுவரை அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் பள்ளிகளுக்கு வருவாய்த் துறைக் காரியம் எல்லாம் திருவள்ளூர். ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் காஞ்சிபுரம். ஆக ஒரு பள்ளிக்கு உள்ளாட்சி எல்லை, வருவாய் மாவட்டம், கல்வி ஒன்றியம், வார்டு, சட்டமன்றத் தொகுதி என்று ஐந்து கோடு. ஐந்தும் ஒரே நாளில் நகர்ந்ததாகச் சரித்திரமே இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்

சேர்க்கை பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் அம்மாக்களுக்குப் பயம் அதிகம்.

எல்லை மாறியதால் எந்தப் பிள்ளையின் இடமும் போகாது, டி.சி. வாங்கவும் வேண்டாம். நம் ஊரில் அரசுப் பள்ளிக்கு 'இந்த வார்டுப் பிள்ளைக்கு மட்டும்' என்ற விதி கிடையாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட விதிகளில் அருகமை என்பது தூரக் கணக்கு: 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர். மாநகராட்சிக் கோடு நடுவில் ஓடினாலும் அந்தக் கணக்கு மாறாது.

மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு போய்விடுமோ என்று அடுத்த பயம். போகாது. மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி எல்லாமே அதில் அரசுப் பள்ளிதான். 6 முதல் 12 வரை தொடர்ச்சியாகப் படித்திருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் மாற்றம் நடக்கும் வருடங்களில் எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவில் பள்ளியின் நிர்வாக வகை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் கல்விச் சான்று எழுதும்போது 'அந்த வருடம் எந்த வகைப் பள்ளி' என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

குழுவிலும் ஒரு இடம் காலியாகும். சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், கூடவே உள்ளாட்சிப் பிரதிநிதி. ஊராட்சி கலைந்த அன்றே வார்டு உறுப்பினர் பதவி போய்விடுகிறது. மறுபடி கவுன்சிலர் வரும்வரை அந்த நாற்காலி வெறுமையாகக் கிடக்கும். கூட்டக் குறிப்பில் 'பதவிக் காலம் முடிந்ததால் இடம் காலி' என்று தேதியோடு எழுதிவிடுங்கள். எழுதாமல் பழைய உறுப்பினரிடமே கையெழுத்து வாங்கினால் தணிக்கையில் அந்தத் தீர்மானத்தையே கேள்வி கேட்பார்கள்.

பொறியாளர் பிரிவில் இருந்தவர்

கட்டடமும் நிலமும். சிக்கல் உண்மையில் இங்கேதான்.

முதலில் வளாகத்தில் எத்தனை சொந்தக்காரர் என்று எண்ணுங்கள். பல ஊர்களில் ஒரே மதிலுக்குள் தொடக்கப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, அங்கன்வாடி மூன்றும் இருக்கும். தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துச் சொத்து. மேல்நிலைப் பள்ளிக் கட்டட வேலை பொதுப்பணித் துறை. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ். எல்லை மாறினால் இதில் ஒன்றியத்தின் பங்குக்குத்தான் ஆள் இல்லாமல் போகிறது. ஒன்றியப் பொறியாளர் 'இனி என் எல்லை இல்லை' என்பார். மாநகராட்சி உதவிப் பொறியாளர் 'சொத்துப் பதிவேட்டில் ஏறவில்லை, மதிப்பீடு போட முடியாது' என்பார். பதிவேட்டில் இல்லாத கட்டடத்துக்குச் செலவு செய்தால் அவர் தணிக்கையில் மாட்டுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் ஒப்படைப்பு நாளில் கையில் இருக்க வேண்டியவை: புல எண், உட்பிரிவு, பரப்பு காட்டும் அடங்கல் நகல், புல வரைபடம், ஒவ்வொரு கட்டடமும் எந்தத் திட்டத்தில் எந்த வருடம் கட்டியது என்ற பட்டியல், வகுப்பறை, கழிப்பறை, ஆழ்துளைக் கிணறு, மதில் நீளம் ஆகியவற்றின் எண்ணிக்கை, கடைசி மராமத்து ஆண்டு. கட்டடம் பழுதாக இருந்தால் அதையும் அன்றைய குறிப்பில் ஏற்ற வேண்டும். 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று பொதுப்படையாக எழுதிவிட்டால், அடுத்த மழைக்கு இடிக்க அனுமதி கேட்கும்போது அந்த ஒரு வரி குறுக்கே நிற்கும்.

நிலத்தில் இன்னொரு வில்லங்கம். கிராமத்துப் பள்ளி நிலம் பலவும் யாரோ பெரியவர் வாய்மொழியாகக் கொடுத்தது. பத்திரம் இருக்காது, வருவாய்ப் பதிவில் இன்னும் பழைய குடும்பத்துப் பெயரே இருக்கும். ஊராட்சியாக இருந்தவரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மாநகராட்சி எல்லைக்குள் வந்து மனை விலை ஏறியதும் பேரன்கள் வருவார்கள். நகர நில அளவை முடிந்து பழைய புல எண் போய் டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) வரும் கட்டத்தில்தான் இது வெடிக்கும், காரணம் அப்போது பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிடும் பட்டியலில் பள்ளியின் இடம் எந்தப் பெயரில் ஏறுகிறது என்பதே முடிவாகிறது. நில அளவைக்காரர் வரும் நாளில் தலைமையாசிரியர் எல்லைக்கல்லைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும். அன்று விடுமுறை என்று விட்டுவிட்டால் பின்னால் மேல்முறையீடு, வழக்கு என்று இழுக்கும்.

நிதி வழியும் மாறுகிறது. ஊரக வளர்ச்சித் துறை வழியாக வரும் பள்ளிக் கட்டட நிதி, நூறு நாள் வேலைத் திட்டத்தில் போட முடிந்த சமையற்கூடம், கழிப்பறை போன்ற வேலைகள் நகர்ப்புறம் ஆன அன்றே அடைபடும். அனுமதி கிடைத்துப் பாதியில் நிற்கும் வேலை இருந்தால் இணைப்புத் தேதிக்கு முன்பே பொறியாளரின் அளவுப் புத்தகத்தில் பதிவு செய்து பில் போட வைக்க வேண்டும். கூரை மட்டம் வரை வந்து நின்ற சமையற்கூடத்தை முடிக்க இரண்டு பக்கமும் செலவுக் கணக்குத் தலைப்பு கிடைக்காது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மட்டும் எல்லையைப் பார்க்காது, அது மாணவர் எண்ணிக்கைக் கணக்கு: 31 முதல் 100 வரை 25,000 ரூபாய், 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம்.

சத்துணவுப் பிரிவுக் கணக்கர்

பொறியாளர் சார் சொன்னதோடு இதையும் சேருங்கள். ஊரகத்தில் சத்துணவு மையம் வட்டார வளர்ச்சி அலுவலர் கீழ், நகரத்தில் ஆணையர் கீழ். அரிசியும் பருப்பும் நுகர்பொருள் வாணிபக் கழகக் கிடங்கிலிருந்து வருவதில் மாற்றம் இல்லை. தொடக்கப் பள்ளிக்குத் தலைக்கு 100 கிராம் அரிசி, நடுநிலைக்கு 150 கிராம், வாரம் 5 முட்டை, எல்லாம் அதேதான். மாறுவது தேவைப் பட்டியலில் கையெழுத்துப் போடும் ஆள்.

மாதத்தின் நடுவில் மாற்றம் வந்தால் காய்கறி, விறகு, எரிவாயுச் செலவுப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று பார்க்கும். அமைப்பாளர் கைக்காசைப் போட்டு ஓட்டுவார். மாதக் கடைசித் தேதியில் இருப்பை எடை போட்டு, சாக்குக் கணக்கு உட்பட எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியலை வைத்துக்கொண்டால் இந்த இழுபறி குறையும்.

மின் இணைப்பு பெரும்பாலும் ஊராட்சித் தலைவர் அல்லது ஒன்றிய ஆணையர் பெயரில் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கட்டணத்தில் முதல் ஒன்றிரண்டு யார் தலையிலும் விழாமல் நிற்கும். தண்ணீரும் அப்படித்தான்: மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிட்டவர் ஊராட்சிப் பணியாளர். அவரை வேறு இடத்துக்கு மாற்றினால் திங்கட்கிழமை காலையில் கழிப்பறைக் குழாயில் காற்றுதான் வரும். தூய்மைப் பணியாளர் ஊதியத்தையும் மறக்க வேண்டாம்.

வட சென்னைக்காரர்

புதிதாகச் சேர்ந்த இடங்களை மட்டும் பேசுகிறீர்கள். பழைய நகரத்திலும் 2011-இல் கோடு நகர்ந்தது. 155 வார்டாக இருந்த பழைய சென்னை 107-ஆகச் சுருங்கியது, மொத்தம் 200-இல் மீதி 93 வார்டு புதுப் பகுதிக்கு. ஒரு கவுன்சிலர் பார்க்க வேண்டிய பள்ளிகள் கூடின, வார்டு எண்களும் மாறின. பழைய எண் போட்ட மனு தவறான மேசைக்குப் போய்த் தூங்கும். கவுன்சிலர் நிதி அந்த வார்டுக்குள் மட்டுமே செலவாகும் என்பதால், பள்ளி ஒரு வார்டிலும் அதில் படிக்கும் பிள்ளைகளின் வீடு எதிர்த்தெரு வார்டிலும் இருந்தால் பள்ளிக்கு ஓட்டு பலமே இல்லை. கவுன்சிலர் யாரை நினைத்து வேலை செய்வார் சொல்லுங்கள். வார்டு எல்லை வரைவு வெளியாகும்போது ஆட்சேபம் எழுதுபவர்கள் தெருவைப் பற்றியே எழுதுகிறார்கள், பள்ளியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல் வரை மாநகராட்சி மன்றமே இல்லை என்பது தனிக் கூத்து.

கேள்வி கேட்டவர்

ஐயா, ஆசிரியர்கள்? அவர்களும் மாநகராட்சி ஊழியர் ஆகிவிடுவார்களா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தானாக ஆக மாட்டார்கள் அம்மா. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். சென்னை மாநகராட்சிக்குத் தனிக் கல்வித் துறை, தனி ஆசிரியர் பட்டியல். ஒரு பட்டியலில் இருந்து இன்னொன்றுக்குப் போனால் பதவி உயர்வு வரிசையில் எந்த இடம் என்பதே சண்டை. முன்பு தொடக்கக் கல்வியில் ஒன்றியம்தான் முன்னுரிமை அலகு, அதாவது பணி மூப்பை ஒன்றியத்துக்குள்ளேயே பார்ப்பார்கள். 2023 டிசம்பரில் அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது, அதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. ஆகவே எல்லை மாறும் பள்ளியில் ஆசிரியர்கள் மாறுதல் கலந்தாய்வில் வேறு இடம் தேடுவதை வெறும் சோம்பல் என்று நினைக்க வேண்டாம். 60 பிள்ளை வரை 2 ஆசிரியர் என்பதே விதி. அதில் ஒருவர் போய், பணியிடம் எந்த நிர்வாகத்துக்கு என்று தீராமல் இருந்தால், மீதி ஒருவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைப்பார்.

இன்னொன்று, யூ-டைஸ் எண், அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ள அடையாள எண். 11 இலக்கம்: முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், பிறகு ஒன்றியம், ஊர் அல்லது வார்டு, பள்ளி. தமிழ்நாடு 33, திருவள்ளூர் 01, சென்னை 02, காஞ்சிபுரம் 03. பள்ளி சென்னைக்குள் வந்த பிறகும் எண்ணில் பழைய மாவட்டம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பெயர்ப் பலகையை மாற்றும் உற்சாகத்தில் எண்ணையும் மாற்றச் சொல்லி எழுதிவிடாதீர்கள். மானியக் கணக்கு, எமிஸ், மாணவர் பதிவு எல்லாம் அந்த எண்ணில் தொங்குகின்றன. மேலிருந்து மாற்றினால் பழைய எண், புது எண் இரண்டையும் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

பொறியாளர் பிரிவில் இருந்தவர்

ஊராட்சி அலுவலகத்தைப் பூட்டுவதற்கு முன் தீர்மானப் புத்தகத்தில் பள்ளி பற்றிய பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். நிலம் கொடுத்தது, கிணறு தோண்டியது, மதில் கட்டியது எல்லாம் பல ஊர்களில் அந்தப் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். பிறகு அது எந்த மண்டல அலுவலகத்து அலமாரியில் என்று தேட ஆள் கிடைக்காது.