கோல்டு ஸ்டாண்டர்ட் ஹோஸ்டாவில் மை ஊறின மாதிரி கோடு: வீட்டிலேயே டெஸ்ட் பண்ண முடியுமா?

கேள்வி:
இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா செடியில் கோல்டு ஸ்டாண்டர்ட் என்ற ரகம் இது. இளமஞ்சள் இலையில் நரம்பை ஒட்டி, ஈரத்தாளில் மை ஊறினதுபோல் பச்சைக் கோடுகள். அந்த இடம் சற்றுக் குழிந்தும் இருக்கிறது. எச்விஎக்ஸ் (ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்) இருக்கிறதா என்று காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கியாச்சு. எந்த இலை, எவ்வளவு? நெகட்டிவ் வந்தால் நம்பலாமா? வசந்தத்தில் இந்தச் செடியைப் பிரித்த கத்தியாலேயே இன்னும் நாலு ஹோஸ்டாவைப் பிரித்திருக்கிறேன்.

பதில் 1:
கோடு உள்ள இலையிலேயே ஓர் அங்குலச் சதுரம் கிள்ளுங்க. அதற்கு மேல் வேண்டாம், சாறு கெட்டியாகி ஸ்ட்ரிப்பில் ஏறாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிட் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிக்கணும், இல்லாவிட்டால் ஸ்ட்ரிப் ஈரம் இழுத்துக்கொள்ளும். கிட்டில் வரும் பஃபர் (சாறு எடுக்கும் கரைசல்) பைக்குள் வலைத்துணி இருக்கும். அதன் நடுவே இலையை வைத்து, பேனா மூடியால் வெளியிலிருந்து நன்றாகத் தேயுங்க. சாறு பச்சையாக இறங்கியதும் ஸ்ட்ரிப்பின் நுனி மட்டும் நனையும்படி நிறுத்தி 30 நிமிஷம் விடுங்க. மேல்கோடு வந்தால்தான் டெஸ்ட் செல்லும். கீழ்க்கோடும் வந்தால் வைரஸ், மங்கலாக இருந்தாலும் வைரஸ்தான்.

நெகட்டிவை மட்டும் உடனே நம்பாதீங்க. புதிதாகத் தொற்றிய செடியில் வைரஸ் எல்லா இலைக்கும் பரவியிருக்காது. அந்த நாலு செடியையும் ஒதுக்கி வைத்து, அடுத்த வருஷம் வேறுவேறு இலையில் திரும்பப் பாருங்க. அறிகுறி தெரியவே சில வருஷம் ஆகலாம்.

பதில் 2:
ஒரு திருத்தம்: இந்த ஸ்ட்ரிப் எச்விஎக்ஸை மட்டும்தான் பிடிக்கும். வளையம் வளையமாகப் புள்ளி இருந்தால் டொபாக்கோ ராட்டில் வைரஸாக இருக்கலாம், அதற்குத் தனி டெஸ்ட். கோடைக் கடைசியில் நரம்புகளுக்கு நடுவே பழுப்புப் பட்டை வந்தால் இலை நூற்புழுவைச் சந்தேகப்படுங்க. இலையைக் கிழித்துத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு, நல்ல உருப்பெருக்கியில் பார்த்தால் புழுக்கள் நெளிவது தெரியும்.

கேட்டவர்:
மேல்கோடு பளிச்சென்று, கீழே நூல் மாதிரி ஒன்று வந்தது.

பதில் 1:
அப்போ பாசிட்டிவ். மருந்து கிடையாது. வேரோடு, ஒரு துண்டும் விடாமல் தோண்டி மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்க, உரக்குழி வேண்டாம். விட்டுப்போன வேரிலிருந்து துளிர் வந்தால் அதிலும் வைரஸ் இருக்கும். பூச்சியால் பரவாது, சாறு பட்டால்தான். அதனால் கத்தியைக் கழுவி மண் போக்கி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் முக்குங்க, கையுறையை மாற்றுங்க. அந்தக் குழியில் இப்போதைக்கு ஹோஸ்டா வேண்டாம், ஃபெர்ன் வைக்கலாம்.