கிடைமட்டச் சரளைப்படுகையில் அம்மோனியா ஏன் குறையவில்லை?

கேள்வி: நாணல்கரை

வீட்டுக் கழிவுநீரைச் செப்டிக் டேங்கில் தெளியவிட்ட பிறகு, நாணல் நட்ட சரளைப்படுகை ஒன்றின் வழியாகக் கிடைமட்டமாகச் செலுத்துகிறோம். நீர்மட்டம் எப்போதும் சரளையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். படுகை ஓராண்டைக் கடந்துவிட்டது; நாணலும் செழித்து நிற்கிறது. பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) நன்றாகக் குறைகிறது, வெளிவரும் நீரும் தெளிவாகவே உள்ளது. ஆனால் லிட்டருக்கு 40 மில்லிகிராமாக நுழையும் அம்மோனியா நைட்ரஜன், 34 மில்லிகிராமாக வெளியேறுகிறது. நைட்ரேட் ஏறக்குறைய இல்லை. படுகையில் நுண்ணுயிர்கள் போதவில்லை என்று கூறி, பொட்டலத்தில் விற்கும் பாக்டீரியாக் கலவையை வாங்கச் சொல்கிறார்கள். அதனால் பயன் உண்டா?

பதில்: மண்ணுயிர்

வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள் கழிவுநீரிலும் மண்ணிலும் இயல்பாகவே இருப்பவை. இவ்விரு படிகளையும் ஒரே உயிரியே செய்து முடிப்பதும் உண்டு என்பது 2015-இல் நைட்ரோஸ்பைரா வகைகளில் கண்டறியப்பட்டது. ஓராண்டு ஓடிய படுகையில் இவை குடியேற முடியாமல் இருக்கின்றன என்றால், அங்கே வாழ வழியில்லை என்று பொருள். புதிதாகக் கொட்டுபவையும் அதே காரணத்தால் நிலைக்கமாட்டா.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை முழுமையாக நைட்ரேட்டாக்க ஏறத்தாழ 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 40 மில்லிகிராமுக்கு அது லிட்டருக்குச் சுமார் 183 மில்லிகிராம் ஆகிறது. காற்றோடு நன்கு கலந்த தூய நீரே சாதாரண வெப்பநிலையில் 8 அல்லது 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். உங்கள் படுகைக்குள் வரும் நீரிலோ அதுவும் இராது. உள்ளே கசியும் சிறிதளவு ஆக்சிஜனையும், கரிமப் பொருளைத் தின்று விரைவாகப் பெருகும் பாக்டீரியாக்கள் நுழைவாயில் பகுதியிலேயே பறித்துக்கொள்கின்றன. மெதுவாகப் பெருகும் நைட்ரேட்டாக்கிகள் அந்தப் போட்டியில் ஒருபோதும் வெல்வதில்லை.

நுழைவாயிலருகே ஒரு சரளைக்கல்லை எடுத்துப் பாருங்கள். கருமையான வழுவழுப்பான படலம் ஒட்டியிருந்து, அழுகிய முட்டை நாற்றமும் வந்தால், சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கும் பாக்டீரியாக்கள் அங்கே வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். அது ஆக்சிஜனற்ற இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதில்: வேர்மண்டலம்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நாணல் வேர்கள் ஆக்சிஜனை உள்ளே கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கை, இத்துறையின் தொடக்க காலத்தில் மிகைப்படுத்தப்பட்டுவிட்டது. தண்டின் காற்றறைத் திசு வழியாக ஆக்சிஜன் வேருக்குச் செல்வதும், அதில் ஒரு பங்கு வேர்நுனியிலிருந்து வெளியே கசிவதும் உண்மைதான். அந்தக் கசிவு வேரைச் சுற்றி மிக மெல்லிய ஒரு உறையில் மட்டும் நைட்ரேட்டாக்கிகளை வாழவைக்கிறது. வீட்டுக் கழிவுநீரின் சுமையை ஈடுசெய்ய அது போதாது. எனவே நாணல் செழித்திருப்பதை வைத்துப் படுகையின் ஆக்சிஜன் நிலையை மதிப்பிட இயலாது.

காரத்தன்மையையும், அதாவது அமிலத்தை ஈடுசெய்யும் நீரின் திறனையும், அளந்துவிடுங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறத்தாழ 7.14 கிராம் காரத்தன்மை செலவாகும். மென்னீராக இருந்தால், ஆக்சிஜனைக் கொடுத்த பிறகும் பி.எச். சரிந்து வேலை பாதியில் நின்றுவிடக்கூடும்.

கேள்வி: நாணல்கரை

இருவருக்கும் நன்றி. கல்லில் கருமையும் நாற்றமும் இருக்கின்றன. நீர்மட்டத்தைத் தாழ்த்தினால் போதுமா, அல்லது வேறு படுகையே கட்ட வேண்டுமா?

பதில்: மண்ணுயிர்

நீர்மட்டத்தை நிலையாகத் தாழ்த்துவதால் பெரிய மாற்றம் வராது. நீர் தங்கும் நேரந்தான் குறையும். இடம் இருந்தால், இதன் பின்னால் ஒரு செங்குத்துப் படுகையை, அதாவது நீர் மேலிருந்து கீழாக இறங்கும் மணற்படுகையை, சேர்ப்பதே நல்லது. அதில் நீரைத் தொடர்ச்சியாக விடாமல், சிறு தவணைகளாக மேற்பரப்பு முழுவதும் பரவும்படி விட்டு, முழுவதும் வடிந்த பிறகே அடுத்த தவணையை விட வேண்டும். வடியும் நீர் தனக்குப் பின்னே காற்றை மணலுக்குள் இழுத்துக்கொண்டு இறங்குவதால்தான் அங்கே நைட்ரேட்டாக்கம் நடக்கிறது.

அவ்வாறு உருவாகும் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்க, ஆக்சிஜனற்ற சூழலும் கரிமப் பொருளும் தேவை. உங்கள் பழைய படுகையின் நுழைவாயிலில் இவ்விரண்டும் ஏற்கெனவே உள்ளன. ஆகவே செங்குத்துப் படுகையிலிருந்து வரும் நீரில் ஒரு பகுதியை அங்கே திருப்பி அனுப்புங்கள். செலவான காரத்தன்மையில் பாதியளவும் அந்த வினையில் திரும்பக் கிடைக்கும். திருப்பும் அளவைச் சிறிதாகத் தொடங்கி, வெளியேறும் நைட்ரேட்டை அளந்துகொண்டே கூட்டுங்கள், ஏனெனில் அளவு மிகுந்தால் பழைய படுகையில் நீர் தங்கும் நேரம் குறைந்துவிடும்.