பொண்ணு அலபாமாவுல சொராரிட்டி ரஷ் போகணுங்கறா, எப்படி தயார் பண்றது?

சுதா_நேப்பர்வில்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பொண்ணுக்கு நேஷனல் மெரிட் கிடைச்சதுல அலபாமா யுனிவர்சிட்டில ட்யூஷன் ஃப்ரீ, ஆகஸ்ட்ல டஸ்கலூசா போறா, மெக்கானிக்கல் எடுத்திருக்கா. அது வரைக்கும் வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். இப்போ சொராரிட்டி ரஷ் போகணும்னு, அதாவது அங்க இருக்கற பொண்ணுங்க சங்கம் ஒண்ணுல சேர்றதுக்கான தேர்வுக்கு போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. 2021ல அந்த காலேஜ் பொண்ணுங்க இன்னிக்கு என்ன டிரெஸ் போட்டிருக்கேன்னு டிக்டாக்ல தினமும் வீடியோ போட்டு ஊரே பாத்துச்சுல்ல, அப்போ இவ எட்டாவது, அப்பலேர்ந்தே மனசுல வெச்சிருந்திருக்கா.

நானும் வீட்டுக்காரரும் இந்தியால படிச்சுட்டு வந்தவங்க, ஹாஸ்டல் தெரியும் ராகிங் தெரியும், இந்த கிரேக்க எழுத்து போட்ட வீடெல்லாம் என்னன்னே தெரியாது. அவர் இது பணக்கார வெள்ளக்கார பொண்ணுங்க சமாச்சாரம், ஸ்காலர்ஷிப்ல போற புள்ளைக்கு எதுக்குங்கறார். அவ நாலு வருஷம் தெரியாத ஊர்ல தனியா இருக்கப்போறது நான்தானேங்கறா. ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு சரியா தான் படுது.

டிரெஸ் எவ்வளவு வாங்கணும், சிபாரிசு லெட்டர் யார்கிட்ட கேக்கறது (நமக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது), மொத்தம் எவ்வளவு செலவாகும், அவ வெஜிடேரியன் அதுக்கு என்ன வழி, நம்ம கலர பாத்து ஒதுக்குவாங்களா, இதெல்லாம் தெரியணும். எல்லாத்துக்கும் மேல எல்லா வீட்டுலயும் வேணாம்னுட்டா கிளாஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மனசொடஞ்சு போயிடுவாளோன்னு பயமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மீனா_அட்லாண்டா:

சுதா, எங்க பொண்ணு தெற்குல ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டில இத முடிச்சவ, இப்போ மூணாவது வருஷம். டிரெஸ்ஸ கடைசில பாத்துக்கலாம், முதல்ல இது எப்படி நடக்குதுன்னு மூணு பேரும் சேர்ந்து உக்காந்து புரிஞ்சுக்கோங்க, பாதி பயம் அதுலயே போயிடும்.

நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ்னு ஒரு கூட்டமைப்பு, 1902ல ஆரம்பிச்சது, அதுல நிறைய சொராரிட்டி இருக்கு. நாம வீடியோல பாக்கற ரஷ் இவங்களோடது தான். அலபாமாவுல வருஷா வருஷம் 2,500 பொண்ணுங்களுக்கு மேல வர்றாங்க, நாட்டுலயே ரொம்ப பெரிய ரஷ் அது. முதல் சுத்துல எல்லா வீட்டையும் (ஒவ்வொரு சொராரிட்டியையும் வீடுன்னு தான் சொல்லுவாங்க) பாக்கறது, அடுத்தது அவங்க செய்யற தொண்டு பத்தி, அப்புறம் சிஸ்டர்ஹுட், கடைசியா பிரிஃபரன்ஸ், அதுக்கப்புறம் பிட் டே, அதாவது எங்க வீட்டுல சேருன்னு அழைப்பு (பிட்) கொடுக்கற நாள். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் பொண்ணு தனக்கு பிடிச்ச வரிசைய கொடுப்பா, அந்த வீடுகளும் யார திரும்ப கூப்பிடணும்னு லிஸ்ட் கொடுப்பாங்க, ரெண்டையும் கம்ப்யூட்டர் சேத்து பாத்து மறு சுத்துக்கு அவளோட ஷெட்யூல் வரும்.

இப்போ சொல்றத தான் பொண்ணுக்கு கட்டாயம் புரிய வெக்கணும். ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த சுத்துக்கு எத்தன பேர கூப்பிடலாம்னு ஒரு நம்பர் கொடுத்துடுவாங்க. முந்தின வருஷங்கள்ல கூப்பிட்டவங்கள்ல ஏறக்குறைய எல்லாரும் திரும்பி வந்த வீடுன்னா அதுக்கு கம்மியான நம்பர். அதாவது எல்லாரும் ஆசைப்படற வீடு தான் முதல் சுத்துலயே நிறைய பேர வெட்டும், வேற வழியே கிடையாது அவங்களுக்கு. உங்க பொண்ணுகிட்ட சில நிமிஷம் பேசிட்டு வெட்டுவாங்க, அவகிட்ட என்ன குறைன்னு யோசிச்சா பதிலே கிடைக்காது, ஏன்னா அது கணக்கு. எங்க பொண்ணுக்கு இத ஜூலைலயே சொல்லி வெச்சதால ரெண்டாவது நாள் காலைல லிஸ்ட் பாத்து அழுதா தான், ஆனா அடுத்த வீட்டுக்கு போய் நல்லா பேசினா.

பேச்ச பத்தி. ஒரு பொண்ணு வந்து பேசிட்டே இருப்பா, கொஞ்ச நேரத்துல இன்னொருத்தி வந்து அவ தோள தொடுவா, இவ எழுந்து போவா அவ உக்காருவா, இப்படி ஒரே வீட்டுல மூணு நாலு பேர். எந்த ஊரு, என்ன மேஜர், சம்மர்ல என்ன பண்ணே, இதையே நாள் முழுக்க கேப்பாங்க. மனப்பாடம் பண்ணின பதில் மத்தியானத்துக்குள்ள வரண்டுடும், அதனால அவகிட்ட நாலஞ்சு நிஜமான கதை ரெடியா இருக்கணும். பாய்ஃபிரண்டு, குடி, பணம், அரசியல், மதம், இந்த அஞ்சு பேச்சும் வேணாம்னு அங்கயே சொல்லுவாங்க. ஆனா கோயிலுக்கு போறேன்னு சொல்றதுல தப்பில்ல, அது அவ வாழ்க்கை. பேர் பேட்ஜ்ல முழு பேரும் இருக்கட்டும், எப்படி சொல்லணும்னு அவளே தெளிவா ஒரு தடவ சொல்லிக் கொடுத்துட்டு அடுத்த பேச்சுக்கு போகட்டும்.

தொண்டு சுத்துக்கு ஒவ்வொரு சொராரிட்டியும் எதுக்கு உழைக்கறாங்கன்னு தெரிஞ்சு வெச்சுக்கட்டும். ட்ரை டெல்டா செயின்ட் ஜூட் குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு, ஸீட்டா டௌ ஆல்ஃபா மார்பக புற்றுநோய் விழிப்புணர்வுக்கு, டெல்டா காமா பார்வை குறைஞ்சவங்களுக்கு. மதுரைல அரவிந்த் கண் ஆஸ்பத்திரில தாத்தாக்கோ பாட்டிக்கோ காட்ராக்ட் ஆப்பரேஷன் நடந்தப்போ கூட இருந்திருந்தான்னா டெல்டா காமா வீட்டுல பேச அத விட நல்ல கதை வேணுமா?

லெட்டர் பத்தி கவலையே வேணாம், நிறைய சொராரிட்டி சமீப வருஷங்கள்ல அத கேக்கறத நிறுத்திட்டாங்க, ஒவ்வொண்ணோட வெப்சைட்லயும் பாத்துக்கோங்க. அம்மா அக்கா மெம்பரா இருந்தா முன்னுரிமைங்கறதும் 2020லேர்ந்து பல இடத்துல எடுத்தாச்சு. நம்ம மாதிரி முதல் தலைமுறைக்கு அது நல்லது. ஹைஸ்கூல் மார்க் தான் ரொம்ப பாப்பாங்க, உங்க பொண்ணுக்கு அதுல குறையே இல்ல.

டிரெஸ்: முதல்ல டிஷர்ட் ஷார்ட்ஸ் மாதிரி சாதாரணமா, போகப்போக கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, பிரிஃபரன்ஸுக்கு ஒரு நல்ல கவுன். ஆகஸ்ட் டஸ்கலூசா வெயில் மெட்ராஸ் மே மாசம் தான். ஒரு பைல தண்ணி, பேட்டரி ஃபேன், வேர்வை துடைக்க பேப்பர், பழகின செருப்பு, கால்ல ஒட்ட பேண்ட் எய்ட், கிரனோலா பார். புது ஹீல்ஸ் அன்னிக்கு தான் போடறேன்னா விடாதீங்க, இப்பவே வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழகட்டும்.

கொங்கு_டல்லாஸ்:

வணக்கமுங்க. மீனா அக்கா நல்லா விளக்கிட்டாங்க, நான் உங்க வீட்டுக்காரர் பக்கத்துலேர்ந்து பேசறேன், அவர் கேக்கறதுல நியாயம் இருக்குது.

காசு முதல்ல. அலபாமாவுல புது மெம்பருக்கு வீட்டுல தங்காமலே ஒரு செமஸ்டருக்கு நாலாயிரம் டாலர் பக்கம் வந்துடும், அதுல சாப்பாடும் ஒரு பங்கு. அடுத்த வருஷம் அந்த வீட்டுலயே தங்கணும்னா தனி. டிஷர்ட், கிஃப்ட், ஃபார்மல், பேரன்ட்ஸ் வீக்கெண்ட் எல்லாம் மேல. ட்யூஷன் ஃப்ரீங்கறதுக்காக போற இடத்துல இது எந்த கணக்குலேர்ந்து வருதுன்னு ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி பொண்ண பக்கத்துல உக்கார வெச்சு எழுதி பாருங்க. மாசா மாசம் இவ்வளவு தான் முடியும்னு நம்பர சொல்லிடுங்க, அவளே பாதி முடிவு எடுப்பா. அங்க போனதும் ஒவ்வொரு வீட்டுலயும் ஃபீஸ் விவரம் கேக்கலாம், அவங்க சொல்லித்தான் ஆகணும். அப்படியே சாப்பாடும் கேக்க சொல்லுங்க, கிச்சன்ல வெஜிடேரியன் தினமும் உண்டா, சாலட் மட்டும் தானான்னு. காசு கட்டிட்டு வெளிய வாங்கி சாப்பிடற நிலைமை வரக்கூடாதுங்க.

கலர் விஷயத்த மூடி மறைக்க வேணாம். 2013 செப்டம்பர்ல அந்த யுனிவர்சிட்டி மாணவர் பத்திரிகை தி கிரிம்சன் வைட் தான் வெளிய கொண்டு வந்துச்சு. படிப்புலயும் குடும்பத்துலயும் ஒரு குறையும் இல்லாத ஒரு கருப்பின பொண்ண, உள்ள இருக்கற பொண்ணுங்க எடுக்கலாம்னு சொல்லியும், பழைய மெம்பருங்க தடுத்துட்டாங்க. கேம்பஸ்ல ஊர்வலம் போய், பிரசிடென்ட் ஜூடி பானர் தலையிட்டு திரும்ப பிட் கொடுக்க வெச்ச பிறகு தான் பல வீட்டுக்குள்ள கருப்பின பொண்ணுங்களே வந்தாங்க. ரொம்ப பழைய கதை இல்லைங்க இது. இப்ப எவ்வளவு மாறியிருக்குதுன்னு ஒவ்வொரு சாப்டரோட (அந்த காலேஜ்ல இருக்கற சொராரிட்டி கிளை) இன்ஸ்டாகிராம்லயும் கடைசி ரெண்டு மூணு வருஷத்து பிட் டே போட்டோ பாத்தா கண்ணுலயே தெரிஞ்சுடும். பொண்ணு அத பாத்துட்டு போகட்டும்.

ராகிங். இத இங்க ஹேஸிங்கறாங்க. 2024 டிசம்பர்ல ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் ஆக்ட்னு ஃபெடரல் சட்டம் கையெழுத்தாச்சு, எந்த அமைப்பு மேல ஹேஸிங் நிரூபணமாச்சோ அத காலேஜ் வெப்சைட்லயே போட்டாகணும். அந்த ரிப்போர்ட்ட திறந்து, அவ ஆசைப்படற வீட்டு பேர் அதுல வருதான்னு நீங்களே பாருங்க. எனக்கு ரெண்டு பொண்ணு, நான் இத பாக்காம விட மாட்டேன்.

பிரியா_ஹூஸ்டன்:

சுதா ஆன்ட்டி, நான் ஆறு வயசுல இங்க வந்தவ, டெக்ஸாஸ்ல சவுத் ஏசியன் சொராரிட்டி ஒண்ணுல இருந்தேன். இப்படி ஒரு வழி இருக்குன்னே நிறைய பேரன்ட்ஸுக்கு தெரியறதில்ல அதான் எழுதறேன். 1998ல ஹூஸ்டன் யுனிவர்சிட்டில டெல்டா ஃபை ஒமேகா, அதே வருஷம் ஆஸ்டின்ல கப்பா ஃபை காமா, நியூயார்க் செயின்ட் ஜான்ஸ்ல சிக்மா சிக்மா ரோ, அடுத்த வருஷம் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம்ல டெல்டா கப்பா டெல்டா, எல்லாமே நம்மள மாதிரி பொண்ணுங்க ஆரம்பிச்சது. பெரிய வீடெல்லாம் பொதுவா கிடையாது, செலவும் ரொம்ப கம்மி, ஆளும் கொஞ்சம் தான், அதனால எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. தீபாவளிக்கு வீட்டுக்கு போக முடியாதப்போ யாரோ ஒருத்தர் அபார்ட்மென்ட்ல சாம்பார் கொதிக்கும், எனக்கு அது தான் வேண்டியிருந்துச்சு. டஸ்கலூசால சாப்டர் இருக்கான்னு யுனிவர்சிட்டி லிஸ்ட்ல பாருங்க, இல்லன்னா இந்தியன் ஸ்டூடண்ட்ஸ் கிளப்பாவது இருக்கும்.

கமலா ஹாரிஸ் சொராரிட்டில இருந்தாங்களேன்னு எங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. அது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, 1908ல வாஷிங்டன் ஹோவர்ட் யுனிவர்சிட்டில கருப்பின பொண்ணுங்க தொடங்கினது. அதுல சேர்ற முறையே தனி, இந்த ஆகஸ்ட் ரஷ் லிஸ்ட்ல அது வராது. உங்க வீட்டுலயும் அந்த பேச்சு வந்தா குழப்பிக்காதீங்க.

ஒரே ஒரு கேள்வி பொண்ணுகிட்ட கேளுங்க ஆன்ட்டி, பிட் டே அன்னிக்கு ஸ்டேடியத்துலேர்ந்து ஓடற அந்த ஓட்டம் வேணுமா இல்ல பிப்ரவரில ஒரு சாதாரண செவ்வாக்கிழமை கூட உக்காந்து படிக்க ஆள் வேணுமான்னு. ரெண்டும் வேணும்னு சொன்னாலும் சரி தான், ஆனா கேட்டு வெச்சுக்கோங்க.

சுதா_நேப்பர்வில்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி மூணு பேரும் சேர்ந்து எல்லாத்தையும் படிச்சோம். அவர் அந்த ஹேஸிங் ரிப்போர்ட்ட தேடிட்டு இருக்கார். பொண்ணு அந்த நம்பர் கணக்க படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசல, அப்புறம் அப்போ நல்லா பேசினாலும் வெட்டுவாங்களான்னு கேட்டா, ஆமான்னேன். இன்னும் போகணும்னு தான் சொல்றா. கடைசி நாள் ஏதோ கையெழுத்து போடணுமாமே, அது என்ன? ஒண்ணுமே கிடைக்கலைன்னா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணுமா?

மீனா_அட்லாண்டா:

நல்ல வேளை கேட்டீங்க, அது தான் பெரிய விஷயம். கடைசி பிரிஃபரன்ஸ் பார்ட்டி முடிஞ்சதும் அங்கயே ஒரு ஒப்பந்தம் வரும், அதுல எந்த வீட்டு பேரெல்லாம் எழுதறாளோ அதுல எது பிட் கொடுத்தாலும் அவ ஏத்துக்கறதா அர்த்தம். வேணாம்னு விட்டுட்டா அதே கேம்பஸ்ல இந்த கூட்டமைப்புல இருக்கற வேற எதுலயும் அடுத்த வருஷ ரஷ் வரைக்கும் சேர முடியாது. அதனால மனசார போக முடியாத வீட்டு பேர எழுதவே வேணாம். ஆனா ரெண்டு வீடு கூப்பிட்டு ரெண்டும் பரவால்லன்னா ரெண்டையும் எழுதறது நல்லது, கூப்பிட்ட பார்ட்டிக்கெல்லாம் போய் முழுசா வரிசை கொடுத்தவங்களுக்கு தான் இடம் கண்டுபிடிக்க பாப்பாங்க, பிடிச்ச ஒண்ண மட்டும் எழுதினா அந்த பாதுகாப்பு போயிடும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவளோட ரெக்ரூட்மென்ட் கவுன்சிலர்கிட்ட பேசட்டும், அந்த பொண்ணு ரஷ் முடியற வரைக்கும் தன் சொராரிட்டியோட சேராம நடுநிலையா இருப்பா, அதனால நம்பி கேக்கலாம்.

ஒண்ணும் வரலைன்னா ஒரு வருஷமெல்லாம் காத்திருக்க வேணாம். இடம் மிச்சம் இருக்கற வீடுங்க செமஸ்டர் நடுவுலயும் ஸ்பிரிங்லயும் சத்தமில்லாம ஆள் எடுப்பாங்க, பான்ஹெலனிக் ஆபீஸ்ல பேர கொடுத்து வெச்சா போதும். அதோட செப்டம்பர்லயே எஞ்சினியரிங் பொண்ணுங்களோட ஸ்வி, சொசைட்டி ஆஃப் விமன் எஞ்சினியர்ஸ், அதோட மீட்டிங்குக்கு போக சொல்லுங்க, பிட் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும். அந்த வாரம் ஃபோன பக்கத்துலயே வெச்சுக்கோங்க, மதியானம் ஒரு மணிக்கும் கூப்பிடுவா ராத்திரி ஒரு மணிக்கும் கூப்பிடுவா. என்ன சாப்பிட்டேன்னு மட்டும் முதல்ல கேளுங்க.