ஊரிலிருந்து அம்மா அப்பா லண்டன் வருகினம்: எங்கே, எப்பிடிக் கூட்டிக்கொண்டு திரியிறது?

பரந்தன் பிள்ளை:

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிய, ஜூன் மாதம் அம்மாவும் அப்பாவும் மூன்று கிழமை வருகினம். இந்தமுறை எங்கட வயலுக்குச் சிறுபோகம் இல்லை, அதாலதான் அப்பாவும் வாறார். ரெண்டு பேரும் கொழும்புக்கு அங்கால போகாத ஆக்கள். அப்பா இன்சுலின் போடுறவர், அம்மாவுக்கு முழங்கால் நோ. என்னட்டைக் கார் இல்லை. ஒரு நாளைக்கு நாலு இடம் எண்டு ஒரு பட்டியல் போட்டு வைச்சிருக்கிறன். சரிவருமோ?

மாங்குளத்தான்:

தங்கச்சி, அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடுங்கோ. ஒரு நாளைக்கு ஒரு இடம், ஒருநாள் விட்டு ஒருநாள். அதுக்கு மேல போனால் நாலாம் நாள் "நாங்கள் வீட்டில இருக்கிறம், நீ போட்டு வா" என்று சொல்லுவினம், பிறகு வெளியில இறக்கேலாது.

முதலில் நேரக் கணக்கைப் பாருங்கோ. கோடையில் லண்டன் எங்கட ஊரைவிட நாலரை மணித்தியாலம் பின்னுக்கு. கிளிநொச்சியில் விடிய 5 மணிக்கு எழும்புற ஆளுக்கு இங்கே இரவு 12.30க்கு முழிப்பு வரும். இரவு 9 மணிக்குப் படுக்கிற ஆளுக்குப் பின்னேரம் 4.30க்கு நித்திரை தூக்கும். உடம்பு இதுக்குப் பழக நாலைஞ்சு நாள் பிடிக்கும். அதோடு அவை வெளிக்கிடுறது ஹீத்ரோவுக்குப் போற பிளேனில் இல்லை, கிளிநொச்சியில் ஏறுற வானில். ஏ-9 வழியாக இராத்திரிப் பயணம், கட்டுநாயக்காவில் மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, நேரடிப் பிளேன் என்றாலும் ஏறக்குறைய 11 மணித்தியாலம். கால் வீங்கித்தான் வந்து இறங்குவினம். சக்கர நாற்காலி தேவையெண்டு விமான நிறுவனத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன்னமே சொல்லி வையுங்கோ. நடக்கக்கூடிய ஆளுக்கும் அது வேணும், ஹீத்ரோவில் நடை அவ்வளவு நீளம். மற்றது, குடிவரவு அதிகாரியிடம் போற வரைக்கும் உதவிக்கு ஒரு ஆள் கூட நிற்பார். ஆங்கிலம் கதைக்காத ஆக்களுக்கு அந்தத் துணைதான் பெரிசு.

அதனால் முதல் நாலு நாளும் காலமை மட்டும் வெளிக்கிடுங்கோ, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நில்லுங்கோ. ஜூனில் விடியப்புறம் 5 மணிக்கு முன்னமே வெளிச்சம் வந்துவிடும், இரவு 9 மணி தாண்டித்தான் பொழுதுபடும். மாலை ஆறரைக்கு விளக்கு வைச்சுப் பழகின ஆக்களுக்கு இது பெரிய குழப்பம். யன்னலுக்குத் தடிச்ச சீலை போடாட்டி நித்திரை வராது.

முதல் நாள் காட்ட வேண்டியது பிக் பென் இல்லை. உங்கட தெரு, பஸ் தரிப்பிடம், பால் வாங்குற கடை, பிள்ளை வேலைக்குப் போற வழி. அதைப் பார்த்தால்தான் அவைக்கு மனம் ஆறும். மூன்று கிழமையில் பாதி நாள் நீங்கள் வேலைக்குப் போவீங்கள், அப்ப பூங்கா வரைக்கும் தாங்களாகவே போட்டு வரக்கூடிய ஒரு பாதை அவைக்குத் தெரிய வேணும்.

சப்பாத்து ஊரில் வாங்கி அனுப்பச் சொல்ல வேண்டாம். ஆயுள் முழுக்கச் செருப்போடும் வெறுங்காலோடும் வயலில் நின்ற பாதம் முன்பக்கம் அகலமாக இருக்கும், சாதாரண அளவு விரலைக் கடிக்கும். வந்து மூன்றாம் நாள், வீக்கம் வத்தின பிறகு, அகலப் பாதத்துக்கென்று விற்கிற சப்பாத்தைப் பின்னேரத்தில் போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கோ.

புதுக்குடியிருப்பு அக்கா:

பஸ், றெயில் பற்றி நான் சொல்லுறன். தலைக்கு ஒரு கார்ட் வேணும், மெசினில தட்டிக் காசு கட்டுற வங்கிக் கார்ட். ஒரே கார்ட்டை ரெண்டு பேருக்குத் தட்டினால் றெயிலில் கேற் திறக்காது, பஸ்ஸிலயும் கணக்குக் குழம்பும். உங்கட போனில இருக்கிற கார்ட்டும் கையில இருக்கிற அதே கார்ட்டும் மெசினுக்கு ரெண்டு வேற ஆக்கள், அதால காலமை போனால் தட்டினவர் பின்னேரம் வரைக்கும் போனாலதான் தட்ட வேணும். பஸ்ஸில் ஏறேக்க மட்டும் தட்டுறது. றெயிலில் இறங்கேக்கயும் தட்ட மறந்தால் ஆகக்கூடின கட்டணத்தை எடுத்துப் போடும். வயது போன ஆக்களுக்கு இலவசம் எண்டு கேள்விப்பட்டிருப்பியள், அது இங்க குடியிருக்கிற ஆக்களுக்கு மட்டும்.

2025 கட்டணப்படி பஸ்ஸுக்கு 1.75 பவுண்ட்ஸ். முதல் தட்டினதிலயிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் அதுக்குள்ள அடங்கும். அம்மாவுக்கு மூத்திரம் வந்தாலும் பயமில்லாமல் இறங்கி, அலுவல் முடிச்சு, அடுத்த பஸ்ஸில ஏறலாம். பாதாள றெயிலில அந்த வசதி இல்லை, நடு நகரத்து ஸ்டேசன்கள் கனக்கவில கழிப்பறையே கிடையாது. பெரிய றெயில் நிலையங்களில, வாட்டர்லூ, லிவர்பூல் ஸ்ட்ரீட், விக்டோரியா மாதிரி இடங்களில, 2019இல இருந்து காசில்லாமல் போகலாம். மியூசியங்களும் அப்பிடித்தான். கைப்பையில ஒரு சின்னத் தண்ணிப் போத்தல் கட்டாயம், ஏனெண்டு சொல்லத் தேவையில்லை.

சுற்றிப் பார்க்கிற பஸ் எண்டு ஆளுக்கு முப்பது நாப்பது பவுண்ட்ஸ் குடுக்காதேங்கோ. 15ஆம் நம்பர் டிரபால்கர் சதுக்கத்திலயிருந்து சென் போல்ஸ் தேவாலயத்தைத் தாண்டி லண்டன் கோபுரத்தடிக்குப் போகுது. 24ஆம் நம்பர் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தால போகும். மேல் தட்டில இருந்து பாக்கிறது வடிவுதான், ஆனால் பஸ் ஓடேக்க அந்தப் படியில இறங்கிறது முழங்கால் நோ உள்ள ஆளுக்கு ஆகாது. அம்மாவைக் கீழ, முன் பக்கத்து முதியோர் இருக்கையில இருத்துங்கோ. அப்பாவை மேல ஏத்தலாம், ஆனால் இறங்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு தரிப்பிடம் முதலே எழுப்பிக் கீழ கொண்டு வாங்கோ.

காலமை 9.30க்குப் பிறகுதான் றெயில் ஏறுறது. கட்டணம் குறையிறது ஒரு பக்கம், சனம் குறையிறது அதைவிடப் பெரிசு. முடிஞ்ச வரைக்கும் எலிசபெத் லைன். 2022இல திறந்தது, எல்லா ஸ்டேசனிலயும் தெருவிலயிருந்து மேடை வரைக்கும் லிப்டில போகலாம். மற்ற லைன்களுக்கு வரைபடத்தில சக்கர நாற்காலி அடையாளத்தைப் பாருங்கோ. நீலத்தில வெள்ளை எண்டால் பெட்டிக்குள்ளயே படியில்லாமல் போகலாம், வெள்ளையில நீலம் எண்டால் மேடை வரைக்கும்தான், பெட்டிக்கும் மேடைக்கும் இடையில உயரம் இருக்கும்.

நகரும் படியில சேலைக் கரை மாட்டும். வேட்டியும் அப்பிடித்தான். சேலையை ரெண்டு விரல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கோ, இல்லாட்டி லிப்ட். நகரும் படியில முதல் தரம் ஏறுறதைச் சனம் இல்லாத கடையில பழக்குங்கோ. வலப்பக்கம் நிக்கிறது, வலக்கையால பிடிக்கிறது. ஏறேக்க நீங்கள் ஒரு படி கீழ பின்னுக்கு, இறங்கேக்க ஒரு படி கீழ முன்னுக்கு. எப்பவும் நீங்கள்தான் கீழ்ப்பக்கம்.

கதவு பூட்டி ஆள் பிரிஞ்சு போனால் எண்டு முதலே பேசி வையுங்கோ. வயது போன ஆள் றெயிலுக்குள்ள எண்டால் அடுத்த ஸ்டேசனில இறங்கி மேடையிலயே நிக்கிறது. வெளியில எண்டால் நிண்ட இடத்தைவிட்டு அசையிறேல்லை. தேடி வாறது பிள்ளையின்ர வேலை. சட்டைப் பைக்குள்ள உங்கட பேர், போன் நம்பர், போஸ்ட்கோட், கிட்டின ஸ்டேசன் எழுதின மட்டை.

முல்லைத்தீவு தம்பி:

ஒருத்தரும் சொல்லாத ஒண்டு. ஜூன் மாதச் சனிக்கிழமை ஒண்டில மன்னரின்ர பிறந்தநாள் அணிவகுப்பு. அண்டைக்குப் போர்விமானங்கள் நகரத்துக்கு மேல தாழப் பறக்கும், பூங்காவில 41 வெடி, லண்டன் கோபுரத்தடியில 62 வெடி பீரங்கியால தீர்ப்பினம். போர்க்காலத்தில கிபிர்க் குண்டுவீச்சு விமானச் சத்தத்துக்குப் பங்கருக்கு ஓடின ஆக்களை அண்டைக்கு அந்தப் பக்கம் கொண்டு போக வேண்டாம். தேதியைப் பாத்து அந்த நாளைக் கோயிலுக்கு வையுங்கோ. அதே மாதிரி ஒக்டோபர் கடைசியிலயிருந்து நவம்பர் 5 தாண்டியும் இரவிரவா வாணவெடி. அந்த நேரம் வாற ஆக்களுக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேணும், சத்தம் கேட்ட பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை.

ஹீத்ரோவிலயும் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கமும் பெரிய துவக்கோட பொலிஸ் நிப்பினம். லண்டனில மற்ற இடத்துப் பொலிஸ் அனேகமாத் துவக்கு வைச்சிருக்கிறேல்லை, அதால திடீரெண்டு காணேக்க அம்மா உங்கட கையைப் பிடிப்பா. "அடையாள அட்டை கேப்பினமோ?" எண்டும் கேப்பா. கேக்க மாட்டினம், வழி கேட்டால் சொல்லுவினம் எண்டு முதலே சொல்லுங்கோ. போர் மியூசியம், போர்க்கப்பல் எண்டு பட்டியலில இருந்தால் அவையைக் கேட்டுப்போட்டு. சில பேர் விரும்பிப் போவினம், நாங்களாத் தீர்மானிக்கக் கூடாது.

பரந்தன் பிள்ளை:

அண்ணா, அக்கா, தம்பி, நன்றி. அப்ப எந்தெந்த இடம்?

மாங்குளத்தான்:

கமக்காரருக்குக் கட்டடம் காட்டினால் அரை மணித்தியாலம் பார்ப்பினம், மாடு காட்டினால் அரை நாள் நிற்பினம். மட்ஷூட் பண்ணை தேம்ஸ் வளைவுக்குள்ளே, கனரி வோர்ஃப் மாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செம்மறி, ஆடு, மாடு எல்லாம் நிற்கும், நுழைவுக்குக் காசில்லை. போறதுக்கு டிஎல்ஆர் றெயில். எல்லா ஸ்டேசனும் படியில்லாதது. சாரதி இல்லாமல் ஓடுறதால் முன் சீட்டு காலியாக இருந்தால் அப்பாவை இருத்துங்கோ, தண்டவாளம் கண்ணுக்கு நேரே வரும்.

அதே லைனில் இன்னும் கொஞ்சம் போனால் கிறீனிச். ஆனால் உலக நேரத்தைக் கணக்கிடுற பூச்சியத் தீர்க்கக் கோடு இருக்கிற வானியல் கூடம் குன்றின் உச்சியில், கீழேயிருந்து ஏறுறது அம்மாவுக்குச் சரிவராது. 53ஆம் நம்பர் பஸ்ஸில் பிளாக்ஹீத் திடலில் இறங்கிப் பூங்காவின் மேல் வாசலால் போங்கோ, பாதை மட்டம். தேம்ஸுக்குக் கீழே 1902இல் திறந்த நடைச் சுரங்கமும் அங்கேதான். லிப்ட் வேலை செய்யுதோ என்று பார்த்துவிட்டுத்தான் போக வேணும், இல்லாட்டி வட்டப் படியில் மாட்டுப்படுவீங்கள்.

ஆற்றுப் படகுக்கும் அதே கார்ட்டைத் தட்டலாம். ஆனால் பஸ், றெயிலுக்கு ஒரு நாளைக்கு இதுக்கு மேல எடுக்காது என்கிற நாள் உச்சக் கட்டணத்துக்குள் அது அடங்காது, தனிக் காசு. தேம்ஸில் கடல் வத்துப்பெருக்கு இருக்கு. வத்து நேரம் படகுத்துறைக்கு இறங்குற பாலம் செங்குத்தாக நிற்கும், பெருக்கு நேரம் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். வத்துப்பெருக்கு நேரத்தைப் பார்த்துப் போனால் முழங்காலுக்கு நல்லது.

பிரித்தானிய மியூசியம் இலவசம். முழுவதையும் பார்க்க வெளிக்கிட வேண்டாம். பின்பக்க மொன்டேகு பிளேஸ் வாசலால் போனால் 33ஆம் கூடம் கிட்ட. அங்கே பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை ஒன்று நிற்கிறது, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பொன்முலாம் பூசின வெண்கலம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுத்தது, இலங்கைத் தேசாதிபதியாக இருந்த பிரௌன்ரிக் 1830இல் மியூசியத்துக்குக் குடுத்தது. அதே கூடத்தில் நடராசரும் இருக்கிறார். இரண்டையும் பார்த்து, இருந்து தேத்தண்ணி குடித்து, வெளியில் வாங்கோ.

கோயிலுக்கு வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் வசதி, எலிசபெத் லைனில் இறங்கி நடக்கலாம். ஹைகேட் முருகனுக்குப் பாதாள றெயிலை விட்டுவிட்டு 43 அல்லது 134 பஸ் எடுங்கோ, அந்த ஸ்டேசன் பள்ளத்துக்குள்ளே.

புதுக்குடியிருப்பு அக்கா:

அப்பாவின்ர இன்சுலின் கைப்பையில வரவேணும், கீழப் போடுற பெட்டியில குளிருக்கு உறைஞ்சு பழுதாய்ப் போகும். டொக்டரின்ர கடிதமும் குளிசைகளின்ர மருந்துப் பெயர் எழுதின துண்டும் கூட. நேரம் நாலரை மணித்தியாலம் தள்ளிறதால ஊசியை எப்ப போடுறது எண்டு வெளிக்கிட முதலே ஊர் டொக்டரிட்டைக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கோ, தாங்களாக் கணக்குப் போட வேண்டாம். இங்க வழமையைவிடக் கூட நடக்கேக்க சீனி இறங்கும். கை நடுக்கம், வேர்வை, காரணமில்லாத கோபம் கண்டால் நடையை நிப்பாட்டி உடன சீனித்தண்ணி, பிறகு சாப்பாடு. மியூசியக் கடைச் சாண்ட்விச்சை நம்பாமல் பன்னிரண்டு மணிக்குச் சோத்துப் பார்சல் கையில இருக்கட்டும். ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டால் அந்த நாளைக் கோயிலுக்குத் தள்ளுங்கோ.

பயணக் காப்புறுதி இல்லாமல் ஏத்தாதேங்கோ. இங்கத்தை அரச ஆசுபத்திரி அவசரப் பிரிவில பாக்கிறதுக்குக் காசு எடுக்க மாட்டினம், வார்டில மறிச்ச உடன கட்டணம் தொடங்கும், அதுவும் சாதாரணச் செலவின்ர ஒண்டரை மடங்கு. 500 பவுண்ட்ஸுக்கு மேல கட்டாமல் விட்டால் அடுத்த விசாவுக்கு அதைக் காரணம் காட்டி மறுக்கலாம். காப்புறுதி எடுக்கேக்க சீனி வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கோ. மறைச்சால் அந்தக் காப்புறுதியால ஒரு சதமும் வராது.