இஞ்சி பீர் நூல் விடுகிறது, மருந்து நெடி வேறு: மதுரை வெயிலில் என்ன செய்வது?

நுரைப்பிரியன் (திருநகர்)

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் கோதுமை பீர் பழகிவிட்டது. கலங்கலாக இருக்கும், மேலே கெட்டியான நுரை, வாய்க்குக் கொண்டுபோகும்போதே வாழைப்பழ வாசம், பின்னாலேயே லேசாகக் கிராம்பு. கசப்பு பேருக்குத்தான். ஊருக்குத் திரும்பிய பிறகு இங்கே கடையில் கண்ணில் படுவதெல்லாம் லாகர் என்ற தெளிந்த பீர், அதிலும் ஸ்ட்ராங். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை.

வீட்டில் பீர் காய்ச்சச் சொல்லி யாரும் யோசனை தர வேண்டாம். 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அனுமதி இல்லாமல் காய்ச்சுவது குற்றம். அதனால்தான் இஞ்சியையும் சர்க்கரையையும் புளிக்கவைத்துச் செய்யும் இஞ்சி பீர் பக்கம் வந்தேன்.

தோலோடு துருவிய இஞ்சி, வெள்ளைச் சர்க்கரை, குழாய்த் தண்ணீர். கண்ணாடி ஜாடியில் துணி கட்டி சமையல் மேடையில் வைத்து, தினம் ஒரு ஸ்பூன் இஞ்சியும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டு வந்தேன். குமிழி சீக்கிரமே வந்துவிட்டது. அப்புறம்தான் வினை. கரண்டியில் மொண்டு ஊற்றினால் விளக்கெண்ணெய் மாதிரி இழுத்துக்கொண்டு நூல் விடுகிறது. கெட்ட நாற்றம் இல்லை, புளிப்பு மட்டும். ஆனால் குடித்து முடித்ததும் நாக்கில் பிளாஸ்திரி நெடி நிற்கிறது.

இதைக் குடிக்கலாமா? இந்த வெயிலில் சரியாக வர வழி உண்டா? அந்த வாழைப்பழ வாசத்தை இதில் கொண்டுவர முடியுமா?

வைகைக்கரை

கொட்டிவிடுங்கள் சகோ. எங்கள் வீட்டில் நூல் விட்ட சோறு மாட்டுக்குத்தான்.

மாவுக்காரி (உசிலம்பட்டி)

கொட்டும் முன் ஒரு நிமிஷம். நான் நுண்ணுயிரியல் படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

நூலுக்குக் காரணம் பெரும்பாலும் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. இட்லி மாவு பொங்குவதில் முக்கியப் பங்கு இதே குடும்பத்துக்குத்தான். மாவில் நல்ல பிள்ளை, சர்க்கரைத் தண்ணீரில் வேறு வேலை பார்க்கும். நாம் போடும் சர்க்கரையான சுக்ரோஸை உடைத்து, அதிலுள்ள குளுக்கோஸை எல்லாம் சங்கிலியாகக் கோத்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக ஆக்கிவிடும். உங்கள் கரண்டியில் இழுப்பது அதுதான். வெட்டிய கரும்பு அரவைக்குப் போகாமல் வெயிலில் கிடந்தால் சர்க்கரை ஆலையிலும் இதே தொல்லை வரும். டெக்ஸ்ட்ரான் விஷம் இல்லை. பூஞ்சை படராமல், நாற்றம் இல்லாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழுவழுவென்று இருப்பதை யார் குடிப்பார்கள்? புதிதாக ஆரம்பியுங்கள்.

மேடையில் இட்லி மாவு இருந்ததா என்று வீட்டில் யாரையும் குறை சொல்லிவிடாதீர்கள். இஞ்சித் தோலிலேயே இந்த பாக்டீரியா இருக்கும். ஈஸ்டும் அதே தோலிலிருந்துதான் வருகிறது, ஆகவே தோலைச் சீவவும் முடியாது. இருவரில் ஈஸ்டுக்கு முதலிடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, ஆரம்பத்திலேயே எலுமிச்சை பிழிந்துவிடுங்கள். புளிப்பை ஈஸ்ட் தாங்கும், லியூகோனோஸ்டாக் அவ்வளவு தாங்காது. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, அது எந்த உயிரையும் தலையெடுக்க விடாமல் செய்யும் வேலை. நாம் எதிர்ப்பக்கம் போய், வேண்டியவரை மட்டும் உள்ளே விடுகிறோம்.

இரண்டு, முதல் சில நாள் சர்க்கரைக்குப் பதில் மருந்துக் கடைக் குளுக்கோஸ் பொடி போடுங்கள். சுக்ரோஸ் இல்லாவிட்டால் அதனால் டெக்ஸ்ட்ரான் செய்ய முடியாது. வெல்லம், கருப்பட்டி போட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான்.

லீட்ஸ்_வாடிப்பட்டி

அக்கா சொன்னது சரி. பிளாஸ்திரி நெடிக்கு மட்டும் நான் சொல்கிறேன். அது குழாய்த் தண்ணீரின் குளோரின் வேலையாக இருக்கும். ஈஸ்டிலிருந்து வரும் பீனால் என்ற வேதிப்பொருள் குளோரினோடு சேர்ந்தால் அந்த நெடிதான் அடிக்கும், துளியளவே போதும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

நான் இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். இங்கே 1963-லிருந்து சொந்தக் குடிக்கு உரிமம் தேவையில்லை. உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வராது தம்பி. அந்த வாழைப்பழ வாசம் கோதுமையிலிருந்து வருவதில்லை, ஜெர்மனியின் பவேரிய ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. கிராம்பு வாசத்தைத் தருவது 4-வினைல் குவாயகால், அதையும் அந்த ஈஸ்ட்தான் தானியத்தில் உள்ள ஃபெரூலிக் அமிலத்திலிருந்து உண்டாக்குகிறது. இஞ்சித் தோலில் தற்செயலாக ஒட்டியிருக்கும் ஈஸ்டிடம் இதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

சொந்த ரசனையைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். வாழைப்பழ வாசம் எனக்குப் பழனிப் பஞ்சாமிர்தத்தில் போதும். பீர் என்றால் இந்த ஊர் பிட்டர்தான்: நுரை குறைவு, ரொம்பச் சில்லென்று இருக்காது, கடைசியில் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு கொஞ்சம் நிற்கும். பாகற்காய்ப் புளிக்குழம்பு பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும்.

நுரைப்பிரியன்

பாகற்காய் எனக்கும் பிடிக்கும் அண்ணே, பிட்டர் பிடிக்கவில்லை. உங்கள் கணக்கு எங்கோ உதைக்கிறது! சரி, சூட்டுக்கு என்ன செய்ய? மதியம் சமையலறை 36 டிகிரிக்குப் போகிறது.

கலயம் (மேலூர்)

ஏசி வேண்டாம். அகன்ற மண் தொட்டியில் மணல் பரப்பி, நனைத்து, நடுவில் ஜாடியை வையுங்கள். ஜாடியைச் சுற்றி ஈரச் சாக்கு, அதன் நுனி மணலில் படும்படி. காற்றோட்டமான நிழல் வேண்டும், அலமாரிக்குள் வைத்தால் பலனில்லை. சித்திரை வைகாசியில் நம்மூர்க் காற்று காய்ந்து கிடப்பதால் ஈரம் வேகமாக ஆவியாகும், ஜாடி நன்றாகவே குளிரும். ஐப்பசி மழையில் இந்த வித்தை எடுபடாது, ஆனால் அப்போது தேவையும் இருக்காது.

நுரைப்பிரியன்

எலுமிச்சை, குளுக்கோஸ், கொதித்து ஆறிய தண்ணீர், ஈரச் சாக்கு எல்லாம் செய்தாயிற்று. நூல் இல்லை, நெடியும் இல்லை. குமிழி மெதுவாக வந்தது, ஆனால் பொடிப்பொடியாக, கிளாஸின் ஓரத்தில் கோர்த்துக்கொண்டு நிற்கிறது. கோதுமை பீரை மறக்கடிக்கவில்லை, இருந்தாலும் மீன் வறுவலுக்கு இந்தக் காரம் அதைவிடப் பொருத்தம் என்றுதான் படுகிறது.

இப்போது பாட்டிலில் அடைக்க வேண்டும். லிட்டருக்கு 60 கிராம் சர்க்கரை போட்டிருக்கிறேன். பழைய கண்ணாடி பாட்டில் போதுமா?

மாவுக்காரி (உசிலம்பட்டி)

கண்ணாடி வேண்டவே வேண்டாம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை புளித்தாலே, அந்தத் திரவத்தின் அளவுக்குச் சமமான கார்பன் டை ஆக்சைடு வந்துவிடும். சோடா போலச் சுரீரென்று இருக்க 12 முதல் 15 கிராம் போதும். மிச்சம் நாக்குக்குத் தித்திப்பாக நிற்க வேண்டியது. வெளியே மறந்து வைத்தால் அதுவும் புளிக்கும். அப்புறம் பாட்டில் வெடித்து அடுப்படி முழுக்கக் கண்ணாடிச் சில்லுதான்.

காலி சோடா பிளாஸ்டிக் பாட்டிலில், மேலே கொஞ்சம் இடம் விட்டு ஊற்றுங்கள். காலை மாலை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கல்லாக நின்றால் உடனே ஃபிரிட்ஜ். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: புளிக்கப் புளிக்க ஆல்கஹாலும் ஏறும். லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் 6 சதவீதத்தைத் தாண்டும். நீங்கள் முதலில் சொன்ன சட்டத்தை நினைவில் வையுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை

இதே முறையில் நன்னாரி போடலாமா? அமெரிக்காவில் ரூட் பீர் என்று குடிப்பது கிட்டத்தட்ட அந்த வாசம்தானே?

லீட்ஸ்_வாடிப்பட்டி

தாராளமாக. அங்கே ஒரு காலத்தில் சாசஃப்ராஸ் வேர் போட்டார்கள், அதிலுள்ள சாஃப்ரோல் ஆகாது என்று 1960-இல் தடை செய்துவிட்டார்கள். நன்னாரி வேறு செடி. வேரை இடித்து, நடுவில் இருக்கும் குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, தோலை மட்டும் சுடுதண்ணீரில் மூடி ஊறவையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். நன்றாக ஆறிய பிறகு, உங்கள் ஜாடித் தண்ணீரிலிருந்து லிட்டருக்கு அரை டம்ளர் வடிகட்டிச் சேருங்கள். சூட்டோடு சேர்த்தால் ஈஸ்ட் செத்துவிடும்.