நிரந்தர வேலையை உதறிவிட்டுப் போனவரை நேருக்கு நேர் சந்தித்ததுண்டா?

கருவூலத்து ஆள்

2019 ஏப்ரல். ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நேரில் வந்து தாங்கள் உயிரோடிருப்பதைப் பதிவுசெய்யும் நேர்காணல் சமயம், கருவூல வராந்தாவில் நிற்க இடமில்லை. வரிசையில் ஒருவர் மட்டும் மகனுடைய பைக்கில் வந்தவராகத் தெரியவில்லை. வேப்பமரத்தடியில் அவருடைய சைக்கிள். கேரியரில் இரண்டு உரச்சாக்குப் பைகள், பழைய டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தது. நில அளவைத் துறையிலிருந்து ஐம்பது வயதில் விருப்ப ஓய்வில் போனவர். 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நாகபுரி வரை மிதித்துவிட்டு, நேர்காணலுக்காக ரயிலில் திரும்பினாராம்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கினார். நிமிராமலேயே, "உங்களுக்கு இன்னும் எவ்வளவு சார்?" என்று கேட்டார்.

"ஒன்பது வருடம் நான்கு மாதம்" என்றேன்.

விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவும் இல்லை. மகளின் பிறந்த தேதியைக் கேட்டால்கூட ஒரு நொடி தடுமாறுவேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்தவருடைய ஓய்வூதியப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒருவர் அகப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் சாகசம் எங்கே இருக்கிறது? மாதம் முடிந்தால் வங்கிக் கணக்கில் பணம் விழுகிற மனிதர் நாகபுரிக்கு மட்டுமா, நாசிக்குக்கும் மிதிக்கலாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே கடிதம் எழுதிவிடப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். முதலில் நீங்கள் 1.4.2003-க்கு முன் பணியில் சேர்ந்தவரா, பின் சேர்ந்தவரா என்று பாருங்கள். பின் என்றால் பழைய ஓய்வூதியம் இல்லை, கணக்கே வேறு. முன் என்றால் இருபது ஆண்டு தகுதியான பணிக்காலம் அல்லது ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று மாத முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும். பணிப்பதிவேட்டில் விட்டுப்போன பதிவுகள் இருந்தால் அதற்குள் சரிசெய்துகொள்ளுங்கள், வெளியே போனபின் ஒருவரும் உங்கள் கோப்பைத் தொடமாட்டார்கள். ஓய்வின்போது காசாக்கிக்கொள்ள ஈட்டிய விடுப்பு 240 நாளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மனது சரியில்லை என்பவர்கள் முதலில் இரண்டு மாதம் ஈட்டா விடுப்பு (சொந்தக் காரணத்துக்கான அரைச் சம்பள விடுப்பு) போட்டுவிட்டு வீட்டில் இருந்து பாருங்கள். பாதிப்பேருக்கு அதிலேயே தெளிந்துவிடும். வீட்டுக்கடன் பாக்கி இருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம்.

என் அனுபவம் என்று கேட்டால், முப்பத்துமூன்று ஆண்டில் அப்படி யாரையும் சந்தித்ததில்லை.

கடற்கரைப் பள்ளி டீச்சர்

கண்காணிப்பாளர் ஐயா, சந்திக்காதவர் எழுதியதுதான் இதுவரை மிக நீளம்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் ஆழ்கடலுக்குப் போவது பற்றி இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். வரிசையாகக் கொக்கிகள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலோடு சுறாவுக்கும் சூரைக்கும் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலாகும். என்னிடம் படித்த ஒரு பையன், கணக்கில் கெட்டி. கிராம நிர்வாக அலுவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன் பாதியில் புத்தகத்தை மூடிவிட்டுப் படகு ஏறிவிட்டான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது அவனும் வெளியேதான் இருந்தான். எங்கள் கடற்கரை அந்த நாட்களில் இருந்த இருப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. அவன் திரும்பி வந்தான். ஜனவரியில் மறுபடியும் புறப்பட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கே போய்ப் பிடித்தேன்.

பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். "உனக்கு அப்படி என்னடா கடலில் கொட்டிக்கிடக்கிறது? சாகசமா?" என்று கத்தினேன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்காமலே, "என்ன சாகசம் டீச்சர்? விடியுமுன் தூண்டில் விடவேண்டும், அப்புறம் இழுக்கவேண்டும், மறுநாளும் அதே. உங்களுக்காவது ஞாயிற்றுக்கிழமை உண்டு" என்றான்.

"பிறகு ஏன் போகிறாய்?"

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், செருப்பு நனைகிறது" என்றான். பதில் அவ்வளவுதான். ஆறேழு வருடமாக யோசிக்கிறேன், அவன் பேச்சை மாற்றினானா, உண்மையிலேயே செருப்பைத்தான் பார்த்தானா என்று.

ரிக் வண்டிக்காரர் மகள்

மேலே எழுதியிருக்கும் இருவருமே போனவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள்காரர் வீட்டில் யார் இருந்தார்கள் என்று கருவூலத்து ஆள் கேட்டாரா? கேட்கமாட்டீர்கள்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் வண்டி என்றாலே எங்கள் ஊர்தான், உங்களுக்குத் தெரியும். அப்பா நூற்பாலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவர். ஷிப்டு சங்கு ஊதினால் போகவேண்டும், ஊதினால் வரவேண்டும் என்பது பிடிக்காமல் ரிக் வண்டியில் ஏறிவிட்டார். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒரு தடவை ராஜஸ்தான். வருடத்தில் ஓரிரு மாதம் வீட்டில் இருந்தால் அதிகம். வந்தால் எங்களைச் சுற்றி உட்காரவைத்து, எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் பீறிட்டது, எங்கே தொள்ளாயிரம் அடி இறங்கியும் வெறும் புழுதிதான் வந்தது என்று கதைகதையாகச் சொல்வார். தெருப்பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். எனக்குப் பெருமை தாங்காது.

எட்டாவது படிக்கும்போது ஒரு ராத்திரி. கம்ப்ரசர் சத்தத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம், வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார். நாங்கள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு அம்மாவிடம் ரகசியம் பேசுகிறார். தெருவுக்கே கேட்கிறது. "எனக்கு இங்கே இரண்டு நாளுக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. நீ எப்படித்தான் இந்த வீட்டில் இருக்கிறாயோ!"

அம்மா என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்காது. மறுநாள் அதிகாலை நாலரைக்கு, எல்லா நாளையும்போல, பால் கேனை எடுத்துக்கொண்டு அம்மா சொசைட்டிக்கு நடந்தார்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

சகோதரி, தங்கள் தந்தையார் இருக்கிறாரென்றால் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரைச்சலில் கெட்ட காதுக்குக் கருவி ஓரளவு உதவும். முதலில் காட்ட வேண்டியது அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில். கடைகளில் விற்பதை நேரடியாக வாங்காதீர்கள். பேட்டரி செலவையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரிக் வண்டிக்காரர் மகள்

அவர் போய் ஐந்து வருடம் ஆகிறது ஐயா.

டைப்பிஸ்ட்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கண்காணிப்பாளர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. விருப்ப ஓய்வு வேறு, ராஜினாமா வேறு. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் முழுவதும் கழிந்துபோகும், ஓய்வூதியம் கிடையாது.

எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஒருவர், இருபத்தோரு வருட சர்வீஸ். சுற்றுலா வேன் வாங்கி ஊர் ஊராக ஓட்டப்போகிறேன் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அதிகாரியோடு வாய்த்தகராறு. நேரே என் மேசைக்கு வந்து நின்றுகொண்டே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "எனது பணியை ராஜினாமா செய்கிறேன்." அந்த வார்த்தை வந்ததும் என் விரல் நின்றது. எனக்குத் தெரியும். "அண்ணே, விருப்ப ஓய்வு என்று போடட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த அலுவலகத்தில் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. அடித்து முடித்துக் கொடுத்துவிட்டேன்.

வேன் மூன்று வருடம் ஓடியது. பிறகு விற்றுவிட்டார். இப்போது ஒரு திருமண மண்டபத்தில் இரவுக் காவல். பார்க்கும்போதெல்லாம், "தம்பி, நீ அடித்துக் கொடுத்த அந்தக் கடிதம்தான் என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஒரே நல்ல கடிதம்" என்று தோளில் தட்டுகிறார். அவருக்கு இன்றுவரை அந்த வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்பது எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மலைக்குப் போகாதவன்

என்னுடையது சின்னது. 2018 மார்ச் 11, மலையேறப் போனவர்கள் பலர் இறந்த குரங்கணிக் காட்டுத்தீ. அதற்கு முந்தைய வாரம்தான் ஷூ வாங்கியிருந்தேன், வேறொரு மலைக்காக. அன்றிலிருந்து நான் அந்த ஷூவைத் தொட்டால் போதும், அம்மா சமையலறையிலிருந்தே "குரங்கணி" என்பார். அந்த ஒரு வார்த்தைதான். இப்போது வனத்துறையே வழிகாட்டியோடு 40 பாதைகளில் கூட்டிப்போகிறது என்று காட்டினேன். செல்போனை வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, நீ போகாதே" என்று திருப்பிக் கொடுத்தார். ஷூவின் அடிப்பாகம் போட்டு நடக்காமலேயே பொடிந்து உதிர்ந்துவிட்டது.

கருவூலத்து ஆள்

ரிக் வண்டிக்காரர் மகளுக்கு: கேட்கவில்லை அம்மா. உண்மைதான். ஓய்வூதியப் புத்தகத்தில் வாரிசுதாரர் இடத்தில் மனைவி பெயர் இருந்ததைப் பார்த்தேன், அவ்வளவே.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020-இல் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கினார்கள், 2021-இல் 60. அன்று எங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். 2021 ஏப்ரலில் ஒருநாள் பேருந்துக்கு நிற்கும்போது, பழக்க தோஷத்தில், மனது தானாகக் கணக்குப் போட்டது. ஒன்பது வருடம் நான்கு மாதம். இரண்டு வருடம் வேலை பார்த்து நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அன்றைக்குப் பேருந்தை விட்டுவிட்டேன்.

டைப்பிஸ்ட்

இப்போது எவ்வளவு சார்?

கருவூலத்து ஆள்

தெரியும். சொல்லமாட்டேன்.