லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உறைகிறது, லாக் பதிவில் ஒன்றுமே சிக்கவில்லை
கோத்தகிரியில் இருக்கிறேன். தோட்டத்து மழைமானிக்கு நானே எழுதிய டிரைவரை ஏற்றினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் லேப்டாப் அப்படியே உறைந்துவிடுகிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் விடிவு. பத்து நாளாக இதே கதை. டெபியன் 12, கர்னல் 6.1, 4 ஜிபி ராம், கர்னல் செய்திகளை வெளியே எடுக்க சீரியல் போர்ட் கிடையாது.

டிரைவரை எடுத்துவிட்டால் நாள் முழுக்க ஓடுகிறது, அதனால் தப்பு என் கோடில்தான். லாக்டெப் (பூட்டுகளைத் தப்பாகப் பயன்படுத்தினால் காட்டித்தரும் கர்னல் வசதி) போட்டுக் கம்பைல் செய்தேன், எச்சரிக்கை எதுவும் வரவில்லை. கேசான் (நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் கர்னல் வசதி) போட்டதும் எட்டில் ஒரு பங்கு நினைவகம் போய் ஆமை வேகம். ஆனால் அப்போது மட்டும் உறையவே இல்லை! கர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியே இன்னொரு கணினிக்கு அனுப்பும் நெட்கன்சோலைப் பயன்படுத்த, என்னிடம் இன்னொரு கணினி இல்லை.

உறையும்போது வரும் கடைசிச் செய்தியை அடுத்த பூட் வரை காப்பாற்ற, மெனுகான்ஃபிக்கில் (கர்னல் அமைப்புகளைத் தேர்வு செய்யும் மெனு) எந்தத் தெரிவுகளை இயக்க வேண்டும்?